எட்டு கிரவுண்டு மழை... ஒரு ரயில் தண்ணீர்! மயிலாப்பூர் டு தி.நகர் ஒரு நடை

மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் தெப்பக்குளத்தில் எத்தனை படிகள் வெளியே தெரிகின்றன என்று பார்த்தால் போதும். அந்த வருஷம் சென்னைக்கு மழை எப்படி என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மனசு வைத்திருந்தால் தண்ணீர் மேல்படி வரை ஏறி நிற்கும். தைப்பூசத்தையொட்டி மூன்று நாள் தெப்பத் திருவிழா நடக்கும்போது விளக்கு வெளிச்சம் தண்ணீரில் விழுந்து ஆடும். வானம் கைவிட்ட வருஷங்களும் இருந்திருக்கின்றன. குளம் காய்ந்து கிடந்தபோது அதற்குள்ளேயே இறங்கி கிரிக்கெட் ஆடிய கதையை மாடவீதிப் பெரியவர்கள் இன்றும் சொல்வதுண்டு.

கோயிலுக்கு அழகாக இருக்கட்டும் என்று மட்டும் நம் முன்னோர் குளம் வெட்டவில்லை. மழைக்காலத்தில் சுற்றியுள்ள தெருக்களின் தண்ணீர் குளத்துக்கு வரும். குளத்தின் அடியிலிருந்து மெள்ள மெள்ள மண்ணுக்குள் இறங்கும். வெயில் காலத்தில் அக்கம்பக்கத்துக் கிணறுகளில் அதே தண்ணீர் எட்டிப் பார்க்கும். டேங்க், பைப், மோட்டார் எதுவும் இல்லாத வாட்டர் சப்ளை. தனி வீடுகள் அடுக்குமாடிகளாகி, கிணறு இருந்த இடத்தில் கார் நின்று, முற்றத்தில் சிமென்ட் போட்டு, போர் ஆழமாகிக்கொண்டே போனதும் இந்தக் கணக்கு உடைந்துபோனது.

தெப்பக்குளத்திலிருந்து சில நிமிட நடையில் சித்திரக்குளம். அதைச் சுற்றியுள்ள தெருக்களுக்கும் அதே பெயர்தான். இந்த ஊரில் தெருப்பெயர்கள் பொய் சொல்வதில்லை. எங்கே தண்ணீர் இருந்தது என்று நமக்கு மறந்திருக்கலாம், போர்டுக்கு மறக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தி.நகர் போனதும் தேவைப்படும்.

தண்ணீர் ரயில் வந்த கோடை

2019 ஜூன். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என சென்னைக்குச் சோறு போடும்... மன்னிக்கவும், தண்ணீர் போடும் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுவிட்டன. ஐ.டி கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னன, ஹோட்டல்கள் மதியச் சாப்பாட்டைக் குறைத்தன. ஹாலிவுட் நடிகர் லியனார்டோ டிகாப்ரியோ இன்ஸ்டாகிராமில் நம் ஊரைப் பற்றிப் பதிவு போட்டார். அதற்கு முந்தைய ஆண்டு தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் 'டே ஸீரோ'வை எண்ணிக்கொண்டிருந்த செய்தியைப் படித்து 'ஐயோ பாவம்' என்று சொன்ன நமக்கு, அந்த நாள் வீட்டு வாசலிலேயே வந்து நின்றது.

என் தலைமுறைக்கு அந்தக் கோடை மறக்காது. விடியற்காலையில் "எழுந்திரு, லாரி வந்துடுச்சு" என்று அம்மா எழுப்புவார். கலர் கலர் குடங்கள் வரிசையில் நிற்கும். யாருடைய குடம் எது என்பதில் ஒரு சின்னப் பஞ்சாயத்து நடக்கும். குளித்த தண்ணீரை பக்கெட்டில் பிடித்து டாய்லெட்டுக்கு ஊற்றப் பழகினோம்.

ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களோடு வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது முதல் தண்ணீர் ரயில். அதில் இருந்தது சுமார் 25 லட்சம் லிட்டர். வாழைமரம், மாலை, அமைச்சர்கள் என வரவேற்பு தடபுடலாக இருந்தது. அப்போது சென்னைக்குக் கொடுக்கப்பட்டுக்கொண்டிருந்த தண்ணீர், வழக்கமான அளவைவிட மிகவும் குறைத்த பிறகும், நாளொன்றுக்கு 52 கோடி லிட்டருக்கு மேல். அதாவது ஒரு ரயில் முழுக்க வந்தது, ஊருக்கு வேண்டியதில் அரை சதவிகிதம்கூட இல்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி, ஏறக்குறைய 223 சதுர மீட்டர். பெருக்கிப் பாருங்கள். ஒரு கிரவுண்டு மனையில் ஆண்டு முழுக்க விழும் மழை சுமார் 3 லட்சத்து 12 ஆயிரம் லிட்டர்! 12,000 லிட்டர் லாரி என்றால் 26 லாரி.

எட்டு கிரவுண்டு என்றால்? 25 லட்சம் லிட்டர். ஒரு முழு ரயில்.

மயிலாப்பூரில் எட்டு கிரவுண்டு என்பது ஒரு நடுத்தரத் தெருவின் ஒரு பக்கம்கூட இருக்காது. விழும் மழை முழுவதையும் பிடித்துவிட முடியாது என்பது உண்மைதான். கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் தெறித்து ஓடும். பாதியைப் பிடித்தாலும் வருஷத்துக்கு ஒரு மனைக்கு 13 லாரி மிச்சம். 200 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ரயிலில் இழுத்து வந்தது நம் மொட்டை மாடியிலேயே விழுந்துகொண்டிருக்கிறது.

மந்தைவெளியின் மழை வீடு

மயிலாப்பூரிலிருந்து மந்தைவெளிக்கு நடந்தே போகலாம். மெட்ரோ ரயில் வேலைக்காக தகரம் அடைத்த பகுதிகளில் மட்டும் கொஞ்சம் வளைந்து நெளிய வேண்டியிருக்கும். அங்கே ஓர் அமைதியான குடியிருப்புப் பகுதியில் இருக்கிறது 'ரெயின் சென்டர்'. ஆகாஷ் கங்கா டிரஸ்ட் நடத்தும் இந்த மையத்தை 2002-ல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா திறந்துவைத்தார். மழைநீரை எப்படியெல்லாம் பிடிக்கலாம் என்று மாடல்கள் வைத்து விளக்குகிறார்கள். டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தின் துணையும் இதற்கு உண்டு.

இதன் பின்னால் இருப்பவர் சேகர் ராகவன். இயற்பியல் படித்தவர். சென்னையின் 'மழை மனிதர்' என்று பத்திரிகைகள் இவரை அழைக்கின்றன. 1990-களின் நடுவிலேயே பெசன்ட் நகரில் வீடு வீடாகப் போய், 'மழைத்தண்ணீரைத் தெருவுக்கு விடாதீர்கள், மண்ணுக்குள் விடுங்கள்' என்று சொல்லிக்கொண்டிருந்தவர். கடலுக்குப் பக்கத்திலிருக்கும் அந்த மணல் பூமியில் நல்ல தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே போனால் உப்புத் தண்ணீர் உள்ளே வந்துவிடும் என்பது அவருடைய பயம். கதவைத் திறந்தவர்களைவிடச் சாத்தியவர்கள்தான் அப்போது அதிகம்.

பிறகு நடந்தது தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த கதை. 2000-களின் தொடக்கத்தில் கடும் வறட்சி. 2003-ல் ஜெயலலிதா அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. புதுக் கட்டடமோ பழசோ, வீடோ அலுவலகமோ, எல்லாவற்றிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். செய்யாவிட்டால் அரசே கட்டிவிட்டு, செலவைச் சொத்துவரி மாதிரி வசூலிக்கும். குடிநீர் இணைப்பையும் துண்டிக்கலாம். இந்தத் திட்டத்தை அதிகாரிகள் தரப்பில் முன்னின்று நடத்தியவர் சாந்தா ஷீலா நாயர் ஐ.ஏ.எஸ். டி.வி-யில் விளம்பரம், பஸ்ஸின் பின்புறம் விளம்பரம், பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டி என ஊரே மழைநீர் சேகரிப்பு பேசியது. அப்போது எனக்கு மழலையர் பள்ளி வயது. வீட்டில் இன்னும் சொல்வார்கள், அந்த வருஷம் கொத்தனார் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்ததாம்.

அரசியலில் யாரைப் பிடிக்கும் பிடிக்காது என்பதை ஓரமாக வைத்துவிட்டுச் சொல்லலாம்: ஒரு பெருநகரத்தில் ஒரே வருஷத்தில் இத்தனை லட்சம் வீட்டுக்காரர்களை ஒரே வேலையைச் செய்ய வைத்தது சாதாரண விஷயமில்லை. அடுத்தடுத்த வருஷங்களில் நல்ல மழை பெய்ததும் கிணறுகளில் நீர் ஏறியது.

அப்படியானால் 2019 ஏன் வந்தது? பதில் நம் வீட்டு காம்பவுண்டுக்குள்ளேயே இருக்கிறது. நான் குடியிருந்த ஒரு வாடகை வீட்டில் மாடியிலிருந்து பைப் ஒழுங்காக இறங்கும். கீழே மழைநீர்த் தொட்டிக்கு மேலே டைல்ஸ் ஒட்டி, அதன்மேல் இரண்டு பைக் நிற்கும். தொட்டி கட்டியவர் ஒருவர், வீட்டை வாங்கியவர் வேறொருவர், வாடகைக்கு வந்தவர்கள் நாங்கள். மூடிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாருக்குமே தெரியாது. சட்டத்துக்காகக் கட்டிய குழிகளில் பலவற்றின் கதி இதுதான். கூழாங்கல்லும் மணலும் ஒரு மழைக்காலத்திலேயே சேறு பிடித்துவிடும். வருஷா வருஷம் அள்ளிக் கழுவிப் போடாவிட்டால் குழி வெறும் குழிதான்.

இன்னொன்று, எல்லா மண்ணுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி மணல் பகுதியில் ஒரு சாதாரணக் கசிவுக்குழி போதும், தண்ணீர் மடமடவென்று இறங்கும். களிமண் பகுதியில் மூன்றடி ஆழக் குழி தோண்டினால் அது கொசு வளர்க்கும் தொட்டிதான். அங்கே சுமார் மூன்றடி அகலம், பதினைந்தடி ஆழத்தில் சிமென்ட் உறை இறக்கிய மீள்நிரப்புக் கிணறு வேண்டும். பழைய திறந்தவெளிக் கிணறு மூடாமல் மிச்சமிருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். மாடித் தண்ணீரை வடிகட்டி அதில் விட்டால் போதும்.

அடையாறு: மூன்று நொடிக்கு ஒரு ரயில்

மந்தைவெளியைத் தாண்டி ராஜா அண்ணாமலைபுரம் பக்கம் வந்தால் கடற்காற்றும் சேற்றுவாசமும் கலந்து வரும். அங்கிருக்கிறது அடையாறு உப்பங்கழி. பல வருஷங்கள் கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டும் இடமாக இருந்தது. அதில் 58 ஏக்கரை மீட்டு, 2011 ஜனவரியில் 'தொல்காப்பியப் பூங்கா' என்று திறந்துவைத்தார் அன்றைய முதல்வர் கருணாநிதி.

பூங்கா என்றதும் ஊஞ்சல், சறுக்குமரம், பஞ்சுமிட்டாய் என்று நினைத்துப் போகாதீர்கள். இது நீர்நிலை. நாணல், அலையாத்திச் செடிகள், நீர்க்கோழி, கொக்கு, மீன்கொத்தி இவற்றுக்காக உருவாக்கிய இடம். கடலின் ஏற்றவற்றம் உள்ளே வந்துபோகிறது. குழந்தைகளைக் கூட்டிப்போனால் 'இங்கே விளையாட ஒன்றுமே இல்லையா' என்று பத்து நிமிஷம் முனகுவார்கள், பிறகு ஒரு நண்டைப் பார்த்ததும் அடங்கிவிடுவார்கள். அனுமதி நேரம் அவ்வப்போது மாறுவதால் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சேற்று நிலம் ஊருக்கு எவ்வளவு முக்கியம் என்பதை 2015 டிசம்பர் காட்டியது. டிசம்பர் 1-ம் தேதி கொட்டிய மழையில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். லிட்டரில் சொன்னால் விநாடிக்கு 8 லட்சத்துக்கு மேல். ஜோலார்பேட்டை ரயில் கணக்கில் மூன்று விநாடிக்கு ஒரு ரயில்! கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை என ஆற்றங்கரை வீடுகளையெல்லாம் மூழ்கடித்துவிட்டு அத்தனை தண்ணீரும் திரு.வி.க. பாலத்துக்குக் கீழே புகுந்து கடலுக்குப் போனது. அதே செம்பரம்பாக்கம்தான் நாலே வருஷத்தில் வெடித்த தரையாகக் கிடந்தது.

நாம் இப்போது கடலுக்கு அனுப்பும் தண்ணீரைக் கடலிடமிருந்தே திரும்ப வாங்குகிறோம். மீஞ்சூரில் 2010-லும், நெம்மேலியில் 2013-லும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்தன. நெம்மேலியில் நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் தரும் இரண்டாவது ஆலையை 2024 பிப்ரவரியில் முதல்வர் ஸ்டாலின் திறந்துவைத்தார். தென்சென்னைக்காரர்கள் பலர் குடிப்பது இந்தக் கடல்நீரைத்தான். வறட்சியிலும் கைவிடாது என்பது இதன் பெரிய பலம், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் மின்சாரத்தைக் கொட்டித் தயாராகும் தண்ணீர் அது. வானம் சும்மா கொடுத்ததை வடிகாலில் விட்டுவிட்டு, காசு கொடுத்துக் கடலில் எடுப்பது என்ன சிக்கனமோ!

இந்த இடத்தில் வடிகால் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளம் வந்தால் மக்கள் கேட்பது வடிகால். அதிகாரிகளும் கொடுப்பது வடிகால். போட்டோவுக்கும் நன்றாக இருக்கும். ஆனால் கடற்கரையோர மணல் பகுதியில் வடிகால் எதற்கு, மழை தானாகவே மண்ணுக்குள் போகிறதே என்று கிழக்குக் கடற்கரைச் சாலைப் பகுதிக்காரர்கள் சில ஆண்டுகளுக்கு முன் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். 'எங்கள் தெருவுக்கு வடிகால் வேண்டாம்' என்று வழக்கு போட்ட மக்களை அதிகாரிகள் அதற்கு முன் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

ஏரிக்குள் ஒரு ஷாப்பிங்

அடையாறிலிருந்து பஸ் பிடித்து தி.நகர். பாண்டி பஜாரில் இறங்குங்கள். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சுமார் 40 கோடி ரூபாய் செலவில் அமைத்த நடைபாதை வளாகத்தை 2019 நவம்பரில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி திறந்தார். அதாவது தண்ணீர் ரயில் வந்த அதே வருஷம். அகலமான நடைபாதை, உட்கார பெஞ்ச், மர நிழல். தீபாவளி நெரிசலிலும் அம்மாக்கள் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து மூச்சு விடலாம். காருக்காகவே சாலை போட்டுப் பழகிய ஊரில் நடப்பவர்களுக்கு இடம் கொடுத்தது நல்ல மாற்றம்தான்.

இரண்டு வருஷம் கழித்து, 2021 நவம்பர் 7-ம் தேதி காலை, நுங்கம்பாக்கத்தில் 21 சென்டிமீட்டர் மழை பதிவானது. தி.நகர் தெருக்களில் தண்ணீர் நின்றது, நாள்கணக்கில் நின்றது. 'கோடிக்கணக்கில் செலவழித்த ஸ்மார்ட் சிட்டி இதுதானா' என்று ஊரே கேட்டது. மாம்பலம் கால்வாயில் நடந்த வேலையும், அதில் கிடந்த கட்டட இடிபாடும் தண்ணீர் போகும் வழியை மறித்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ் அதிகாரி திருப்புகழ் தலைமையில் வெள்ளத்தடுப்புக் குழுவை அமைத்தார் முதல்வர் ஸ்டாலின். அடுத்த பருவமழைக்குள் நகரம் முழுக்க வடிகால் தோண்டியது நினைவிருக்கும். அந்த வருஷம் பள்ளம் தாண்டாமல் ஆபீஸ் போனவர் யார்?

ஆனால் தி.நகரில் தண்ணீர் நிற்பதற்கான காரணம் நூறு வருஷம் பழையது. தெருப்பெயரைக் கவனிக்கச் சொன்னேன் அல்லவா? மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா', 'டேங்க் பண்ட் ரோடு' இருக்கின்றன. எங்கே லேக்? நீங்கள் நிற்கும் இடம்தான் லேக்! நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியை ஆங்கிலேயர்கள் 'லாங் டேங்க்' என்று அழைத்தார்கள். படகுப் போட்டிகள் நடந்த ஏரி என்று சென்னை வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1920-களில் அதை வடித்துத்தான் புது நகரம் எழுப்பினார்கள். நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பெயரில் தியாகராய நகர், பனகல் அரசர் பெயரில் பனகல் பார்க். 1976-ல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டமும் அந்த ஏரிப்பகுதியில்தான் நிற்கிறது.

ஆக, மழை பெய்யும்போது தண்ணீர் தி.நகருக்கு வரவில்லை. தன் பழைய வீட்டுக்குத் திரும்புகிறது. நாம்தான் அங்கே ஜவுளிக்கடை வைத்திருக்கிறோம்.

இன்று அந்த ஏரிக்கு மிஞ்சிய ஒரே வடிவம் மாம்பலம் கால்வாய். வள்ளுவர் கோட்டம் பக்கம் தொடங்கி, தி.நகர் வழியாக, நந்தனத்தில் அடையாற்றில் சேரும் ஐந்தரை கிலோமீட்டர் ஓடை. ஷாப்பிங் வருபவர்களில் பெரும்பாலானோர் அதைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்வார்கள், பெயர் தெரியாது.

இப்போதைய மாநகராட்சியின் பேச்சு கொஞ்சம் மாறியிருக்கிறது. 2022 மார்ச்சில் 28 வயதில் மேயரான பிரியா பொறுப்பேற்றபின் வந்த திட்டங்களில் 'ஸ்பாஞ்ச் பார்க்' என்ற வார்த்தை அடிக்கடி காதில் விழுகிறது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் தண்ணீரை உறிஞ்சி வைத்து, பிழிந்தால் கொடுக்கிறதே, அதேதான். பூங்காவின் நடுவில் தாழ்வான குளம் வெட்டி, சுற்றுத் தெருக்களின் மழையை அதற்குள் விட்டு, மண்ணுக்குள் இறக்குவது. சீனா 2015-லிருந்து பல நகரங்களில் இதைச் செய்துவருகிறது. நம் ஊருக்கு இது இறக்குமதிச் சரக்கு இல்லை, கோயில் இல்லாத தெப்பக்குளம் என்று சொன்னால் பாட்டிக்குக்கூடப் புரியும். 2023-ல் வெளியான சென்னையின் காலநிலைச் செயல்திட்டம் 2050-ஐ இலக்காக வைத்திருக்கிறது. அன்றைக்கு இன்றைய கவுன்சிலர்கள் பலர் ஓய்வில் இருப்பார்கள், எனக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும்.

எனக்கு அதிகம் நம்பிக்கை கொடுத்த இடம் கிண்டி. 2024 செப்டம்பரில் ரேஸ் கிளப்பிடமிருந்து 160 ஏக்கர் நிலத்தை அரசு திரும்ப எடுத்தது. அடுத்த மழைக்குள்ளேயே அங்கே குளங்கள் வெட்டத் தொடங்கினார்கள். குதிரை ஓடிய இடத்தில் தண்ணீர் நிற்கிறது. நூறு வருஷமாக ஏரியைத் தூர்த்து நிலமாக்கிய ஊரில், நிலத்தைத் தோண்டிக் குளமாக்கியது எனக்குத் தெரிந்து அபூர்வம்.

அரசு செய்வதைக் கேள்வி கேட்பது நம் உரிமை. கூடவே புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். குப்பை, காய்ந்த இலை, உடைந்த பூந்தொட்டி இருந்தால் அள்ளிவிடுங்கள். மாடியிலிருந்து இறங்கும் பைப்பின் பின்னாலேயே கீழே வாருங்கள். அது தெருவில் முடிகிறதா, கழிவுநீரில் முடிகிறதா, குழியில் முடிகிறதா என்று பாருங்கள். குழி என்றால் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றுங்கள். சட்டென்று இறங்கினால் நல்லது, தேங்கி நின்றால் கல்லையும் மணலையும் எடுத்துக் கழுவ ஆள் வேண்டும். சம்ப்பில் விடுபவர்கள் முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே விட மறக்காதீர்கள். அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் காலை வணக்கத்துக்கும் பார்க்கிங் சண்டைக்கும் நடுவே இதையும் ஒரு மெசேஜ் போட்டுவையுங்கள்.

நடந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கினால் காலடியிலேயே பக்கிங்ஹாம் கால்வாய். இந்த நகரப் பகுதியில் அதை 1877-78 பஞ்சத்தின்போது, நிவாரண வேலையாக மக்களை வைத்து வெட்டினார்கள். அங்கிருந்து தெப்பக்குளம், சித்திரக்குளம், மந்தைவெளி, உப்பங்கழி என்று காலையிலேயே முடித்துவிடலாம். தி.நகரை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாண்டி பஜார் பெஞ்சில் இடம் கிடைக்க வேண்டுமானால் ஆறு மணிக்கு முன்னால் போய்விடுங்கள்.